வொர்ஸ்ட் கேஸ், சனிக்கிழமை மாலை

போன வாரம் ஒரு மெயிலில் ரெண்டே ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையை ஒழுங்காக எழுதப்போய், என் வேலைக்கே உலை வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஒரகடத்தில் கார்களுக்கான ரப்பர் பாகம் செய்யும் கம்பெனியில் சரக்கை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் வேலை எனக்கு. திங்கட்கிழமை காலை மெயின் மெஷின் படுத்துக்கொண்டது. ஸ்பேர் புனேயிலிருந்து வர வேண்டும். சரக்கு எப்போது வரும் என்று, எங்களிடம் பாகம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து மெயில்.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு... 'வொர்ஸ்ட் கேஸ், நாளை காலை.' எல்லாமே சொதப்பினாலும் நாளைக்குத் தந்துவிடுவோம் என்று அர்த்தம். எழுதுகிறவர் மனதில்? எதுவுமே சொதப்பாவிட்டால் நாளைக்கு! படிக்கிறவருக்கும் இது தெரியும். அவர் பாட்டுக்கு ரெண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்வார்.

எனக்கு அலுத்துவிட்டது. ஸ்பேர் லாரி லேட்டாகி, மாட்டுவதிலும் சிக்கல் வந்தால்? யோசித்துப் பார்த்து, 'வொர்ஸ்ட் கேஸ், சனிக்கிழமை மாலை' என்று அனுப்பிவிட்டேன்.

மேனேஜர் முரளி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா எழுதி வச்சிருக்கே? ஆர்டரைத் தூக்கி வேற வெண்டருக்குக் குடுத்துடுவான். ஆர்டர் போச்சுன்னா நீயும் வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

பயமில்லையா? இருந்தது. ஆனாலும் மாற்றி எழுத மாட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கார் கம்பெனி பர்ச்சேஸ் அதிகாரியின் போன். "மேடம், சனிக்கிழமைன்னா சனிக்கிழமையா... இல்ல செவ்வாக்கிழமையா?"

சனிக்கிழமையைத் தாண்டாது சார் என்றேன். அவர் உடனே எங்கள் பாகம் தேவைப்படாத மாடலைத் தங்கள் தயாரிப்பு லைனில் முதலில் ஏற்றிவிட்டார்.

நான் பயந்தபடியே லாரி லேட். மாட்டுவதிலும் மல்லுக்கட்டு. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே சரக்கு வண்டி எங்கள் கேட்டைத் தாண்டியது. ஒரு நாள் முன்னால்! அங்கே லைன் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் கைதட்டினேன்.

இந்தத் திங்கட்கிழமை அதே அதிகாரி போன் செய்து, புது மாடல் ஆர்டரும் எங்களுக்கே என்றார். முரளி சார் ஸ்பீக்கரில் போட்டு நன்றி சொல்லி, டெலிவரி தேதியை உடனே அனுப்புகிறேன் என்றார்.

"நீங்க வேணாம் சார்," என்றார் அதிகாரி. "அந்த மேடமே எழுதட்டும்."

மொத்த ஆபீசும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கா? தலைகால் புரியவில்லை.

கெட்ட சேதியா... அதையும் டைமுக்கு டெலிவரி பண்ணிவிடுங்கள்!