இசைத்தட்டில் படித்த ஜேர்மன்

வீட்டின் நிலவறையை ஒழித்தபோது அந்த இசைத்தட்டு அகப்பட்டது. எறிவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று மகள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எழுபத்து நான்காம் ஆண்டில் வந்தது. ஒரு ஜேர்மன் பாடகி, பத்துக் காதல் பாட்டுகள், எல்லாமே மெதுவானவை. எனக்கு இசையில் நாட்டம் கிடையாது. அவளை நான் பாடகியாக வைத்திருக்கவில்லை, ஆசிரியையாக வைத்திருந்தேன்.

எண்பத்து ஏழில் ஜேர்மனியின் வுப்பர்டால் நகர அகதி விடுதியில் எனக்கும் பேர்பெச்சுவாவுக்கும் ஒரே அறை. அவள் யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது. ஊர்க்காரர் பழைய தளபாடங்களை வேண்டாமென்று தெருவில் வைக்கும் நாளொன்றில் இருவருமாக ஒரு ரெக்கோட் பிளேயரைத் தூக்கி வந்தோம். அதற்குள் இந்தத் தட்டு இருந்தது. அட்டை இல்லை.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கணவர் காலமாகி ஆறு வருடம். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளரைக் கழுவி, புரட்டிப் படுக்கவைத்த கை என்னுடையது. அகதி என்று அங்கீகாரம் கிடைத்ததும் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வாரம் சோதனைக்கு எடுத்தார்கள். தேறினால் பராமரிப்புப் படிப்பில் இடம். தேறாவிட்டால் பழையபடி விடுதிக் குசினியில் அடுப்புக்கு வரிசை. வேலைக்கு நான் பயப்படவில்லை. பாஷைக்குத்தான் பயம்.

ஜேர்மன்காரர் பேசினால் எங்கே ஒரு சொல் முடிகிறது என்றே பிடிபடாது. இந்தப் பெண்ணோ ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து இரண்டு தரம் பாடினாள். இதைவிட நல்ல வகுப்பு எங்கே கிடைக்கும்? சின்ன வயதில் தேவாரத்தைப் பாடமாக்கியது போலப் பத்துப் பாட்டையும் பாடமாக்கினேன். முதலில் மனனம், பொருள் பின்னால் வரும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். என் விஷயத்தில் அது மிகவும் பிந்தி வந்தது.

நான்காம் வாரம். லோமன் என்ற ஓய்வுபெற்ற ரயில் சாரதி, எண்பத்து மூன்று வயது, எவரையும் தன்னைக் கழுவ விடமாட்டார். அன்றும் துவாயைத் தட்டிவிட்டார். காலையில் திரும்ப வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். ‘காலை’ இரண்டாம் பாட்டில் இருந்தது. அந்த வரி முழுவதையும் பிழையில்லாமல் சொன்னேன். காலைவரை என்னைப் போகவிடாதே, நீயின்றி எனக்கு விடியாது என்பது அதன் பொருள்.

லோமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கழுவ விட்டார். முறை பலிக்கிறது என்று மற்ற அறைகளிலும் கையாண்டேன். ஒரு வாரத்தில் அந்த மாடியில் மூன்று கிழவர்கள் விடிய எழும்பித் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய மனைவி முறைப்பாடு செய்தார். தாதியர் தலைவியிடமிருந்து எனக்கு ரெர்மின், அதாவது நேரம் குறித்த அழைப்பு, வந்தது.

அந்தக் கிழவர்களுக்கு அப்படி என்னதான் சொன்னேன் என்று பேர்பெச்சுவா விசாரித்தாள். சொல்லிக் காட்டினேன். அவளுக்கு என்னைவிட ஜேர்மன் தெரியும். கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

“அக்கா, கலியாணம் கட்டின காலத்திலை உங்கடை மனிசனுக்கு இதிலை ஒரு வரி சொல்லியிருப்பியளோ?”

“தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டிருக்கிறன்.”

மறுநாள் தலைவி பிரான்ட் அம்மையார் எங்கே ஜேர்மன் படித்தேன் என்று கேட்டார். இசைத்தட்டில் என்றேன். நம்பவில்லை. ஆகவே எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, வாத்தியாருக்கு ஒப்புவிப்பது போல முதற் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். மூன்றாம் பாட்டில் அவர் மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது.

“இடது பக்கம் திரும்பச் சொல்லி ஒரு நோயாளியிடம் எப்படிக் கேட்பீர்கள்?” என்றார் பிறகு.

மனத்துக்குள் தட்டின் இரு பக்கமும் தேடினேன். அந்தப் பத்துப் பாட்டிலும் எவரும் இடது பக்கம் திரும்பவில்லை, மாத்திரை விழுங்கவில்லை, மூத்திரத்துக்குப் பெட்பான் கேட்கவில்லை.

நல்ல கை, இழக்க மனமில்லை என்றார். நாற்பது வசனங்கள் எழுதித் தந்தார். பதினான்கு நாளில் அவை வாயில் வராவிட்டால் இடம் இல்லை.

வெறும் வசனம் என் மண்டையில் நிற்காது. மெட்டு இருந்தால் நிற்கும். பாடகியின் சொற்களைத் தூக்கிவிட்டு, நாற்பதையும் அவளுடைய மெட்டுகளில் ஏற்றினேன். உள்ளதில் மிகச் சோகமான மெட்டு பெட்பானுக்கு வாய்த்தது. இரண்டாம் நாளே பேர்பெச்சுவா தலையணையால் காதைப் பொத்தினாள்.

“காணும் அக்கா. எனக்கு ஒண்டுக்கு வருது.”

பதினான்காம் நாள் பிரான்ட் அம்மையார் வாசலில் நிற்க, லோமனிடம் நாற்பதையும் சொன்னேன். ஒன்றும் பிசகவில்லை. மெட்டு மட்டும் கூடவே வந்துவிட்டது. லோமன் ஏமாந்த முகத்துடன் இடது பக்கம் திரும்பினார். இடம் கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

மகள் வீட்டில்தான் முதல் தடவையாகப் பொருள் விளங்கக் கேட்டேன். பத்துப் பாட்டிலும் அந்தப் பெண் வராத ஒருவனுக்குக் காத்திருக்கிறாள். எங்கள் மாடியில் ஒரு காலைமுறை வேலை செய்திருந்தால் மத்தியானத்துக்குள் அவனை மறந்திருப்பாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது ஐந்தாம் பாட்டு தொடங்கியது. நான் என்னையறியாமல், ஒரு சொல் பிசகாமல், பாடகியோடு சேர்ந்து ஜேர்மனில் பாடிக்கொண்டிருந்தேன்:

“இடுப்பைக் கொஞ்சம் தூக்குங்கோ, ஐயா. இன்னும் கொஞ்சம்.”

மகள் எழுந்து ஊசியைத் தூக்கினாள்.