மஞ்சள் துணியில் வைத்த மைக்ரோமீட்டர்

புதுச்சத்திரம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆயுத பூஜை வந்தால் இன்றைக்கும் மனசு அந்த ஷெட்டுக்குத்தான் ஓடுகிறது.

எங்கள் தொழிலில் மைக்ரோமீட்டர், வெர்னியர் மாதிரி அளவு பார்க்கும் கருவிகள் எல்லாம் அவரவர் சொந்தமாக வாங்கியது. பூஜையன்று அத்தனையையும் துடைத்து, பொட்டு வைத்து, ஒரே மஞ்சள் துணியில் பரப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். லீவு முடிந்து வந்துதான் எடுப்போம். அந்தக் காலை ஒரே கூத்தாக இருக்கும். "ஏனுங்க, இது எம்படதுங்க. உங்களுது ஊட்டுல கொழம்பு கிண்டிட்டிருக்குதுங்க" என்று பக்கத்து லேத் செல்லமுத்து எல்லோரையும் வம்புக்கு இழுப்பான். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு ஏக்கம்தான்.

முதல் ஆட்குறைப்பு பெரிய முதலாளி காலத்தில் நடந்தது. ஆர்டர் இல்லை. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "என்னால முடியலீங்க சாமி" என்று கண்கலங்கினார். வருத்தப்பட்டோம், ஆனால் யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை.

அடுத்தது அவர் மகன் சின்னவர் பொறுப்பேற்ற பிறகு. பூஜை லீவு முடிந்து வந்தபோது, வாட்ச்மேன் சிலரை, இனி வேலை இல்லை என்று சொல்லிக் கேட்டிலேயே நிறுத்தினார். செல்லமுத்துவும் அதில் ஒருவன். அவர்களுடைய கருவிகளெல்லாம் உள்ளே மஞ்சள் துணியில் கிடந்தன.

"வேலை போனாப் போவுதுங்க. எம்பட மைக்ரோமீட்டரை மட்டும் குடுத்துருங்க. அது இல்லாம எந்தப் பட்டறையில போயி நிப்பேன்?" என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"ஸ்டோர்ஸ்ல சரிபார்த்துட்டுத்தான் தருவாங்க" என்றார் வாட்ச்மேன். அவன் பொருளை அவனிடம் கொடுக்கச் சரிபார்ப்பாம்! மத்தியானம் நானே எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில மாதத்தில் இன்னும் சிலரைப் போனிலேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஷெட்டில் யார் போன் அடித்தாலும் எல்லோர் கையும் ஒரு நிமிடம் நின்றுவிடும். பழி நம் தலையில் விழுமோ என்று பயந்து, எந்த மெஷின் தகராறு செய்கிறது என்று அடுத்த ஷிப்டுக்குச் சொல்வதைக்கூட விட்டுவிட்டோம்.

அடுத்த பூஜைக்குச் சின்னவர் வந்து, "பெரிய ஆர்டர் வந்திருக்குதுங்க. இனி யாரையும் நிறுத்த மாட்டேன், நம்புங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், பொரி கடலை தின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அவரவர் கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். துணியில் குங்குமம்தான் மிச்சம்.

சின்னவர் என்னிடம் வந்தார். "அண்ணா, நீங்களாச்சும் வச்சுட்டுப் போங்க. அப்பா காலத்து ஆளுங்க நீங்க."

அவரைக் குழந்தையிலிருந்தே எனக்குத் தெரியும். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் என் மைக்ரோமீட்டர் ஏற்கெனவே டிபன் பைக்குள் போயிருந்தது.

"ஆர்டருக்கு ராப்பகலா நிக்கறேனுங்க சாமி. இதை மட்டும் ஊட்டுக்குக் கொண்டுபோயிடறேனுங்க" என்றேன்.

மேனேஜராகப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆளைக் குறைக்கும் நிலை எந்தத் தொழிலிலும் வரும். அப்போது உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மிச்சமிருப்பவர்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தோம். சின்னவரும் வாக்குத் தவறவில்லை, பிறகு யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் நான் ஓய்வு பெறும்வரை அந்த மஞ்சள் துணியில் ஒரு ராத்திரிகூட யார் கருவியும் தங்கவில்லை.