ஒரு பல் தள்ளி மாட்டிய செயின்

இன்று காலை கீழே யாரோ பழைய பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. மாடிவரை பெட்ரோல் நெடி வந்தது. இறங்கிப் போய் என்னவென்று கேட்டிருக்கலாம்; கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நெடி என்றால் எனக்கு வேலம்பாளையம் லைன் வீட்டு வாசல்தான்.

ஊரடங்கு நாட்கள். கம்பெனி பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் மெஷின் சத்தம் இல்லாத பகல் எப்படியிருக்கும் தெரியுமா? பல்லி கத்துவதுகூடக் கேட்கும். வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் தூத்துக்குடிப் பக்கம், போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவன். அடுத்த வீட்டில் கதிர்வேல் அண்ணன், எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அவர் ஊர் ஊத்துக்குளிக்குப் பக்கம். அங்கே அப்பாவும் அக்காவும்.

அவருடைய பைக் புகை கக்கிக்கொண்டிருந்தது. புது பிஸ்டன், ரிங் எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தார். மெக்கானிக் கடைகள்தான் திறக்கவில்லை. "நான் பிரிச்சு மாட்டித் தாரேண்ணே" என்றேன். ஊரில் ஆறு மாதம் பட்டறையில் இருந்தவன் நான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று நாளில் மாட்டி முடித்தேன். உதைத்தால் கிளம்பவில்லை. டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தபோது அவருடைய அக்கா போன் செய்தார். அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, இன்னும் வரவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை.

அண்ணன் உதைத்துக்கொண்டே இருந்தார். பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. ஸ்பார்க் நன்றாகவே அடித்தது. தெருவில் தள்ளிக்கொண்டு ஓடினோம். கார்புரேட்டர் 'டப்' என்று திருப்பி அடித்தது. நான் ஒருமுறை உதைத்தேன். காலுக்கு எதிர்ப்பே தெரியவில்லை. அப்போதே புரிந்துவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன்.

"பிளக்குதாண்ணே சரியில்ல" என்று அதைத் துடைத்தேன், உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் காட்டினேன். இப்படியே அரை மணி நேரம்.

அவர் கோபப்படவில்லை. "ஆவாதுன்னா சொல்லீருங்க தம்பி. நான் நடந்தே போயிக்கறேன்" என்றார். செருப்பையும் மாட்டிவிட்டார்.

அப்புறம்தான் ஹெட் மூடியைக் கழற்றினேன். பல்சக்கரத்துக் குறியை ஹெட்டின் குறிக்கு நேராகச் சேர்த்து மாட்ட இருபது நிமிடம்தான். ஒரே உதையில் பிடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் போனில் பேசினார். "நான் போறதுக்குக் கொஞ்சம் முந்தித்தானுங்க தம்பி முடிஞ்சிருக்குது. வாசப்பக்கமே பாத்துட்டு இருந்தாராம்." அப்புறம், "நீங்க இல்லீன்னா அப்பாவ எடுக்கறதுக்குள்ளகூட நான் போயிருக்க முடியாதுங்க" என்றார். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கம்பெனி திறந்தபோது அவர் வரவில்லை. அப்பாவின் எருமைகளோடு ஊரிலேயே இருந்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டொரு முறை போன் செய்தேன்; எருமை கன்று போட்டதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஊத்துக்குளி ஒன்றும் தூரமில்லை. இதுவரை போகவில்லை.

லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பிரிண்டிங் யூனிட். போன மாதம் மறுபடி அண்ணனுக்கு அழைத்தேன், இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று. யாரோ ஒரு பெண் எடுத்து இந்தியில் பேசினாள். கதிர்வேல் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. அந்த எண் இப்போது அவளுடையது.