'வாரேன்' என்று சொன்ன ஜீப்காரன்

இந்த ஊரில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். பனி வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்னால் போதும், மஞ்சள் லாரி ஒன்று உப்பை வாரி இறைத்துக்கொண்டே தெருத்தெருவாகப் போகும். மறுநாள் செருப்பெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். வந்த புதிதில் இதை உத்தமபாளையத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் தகப்பனார், எங்கள் வீடுகளில் அத்தா என்போம், "ஏலே, ரோட்டையா ஊறுகா போடுறாக?" என்று கேட்டார். பனி உருகுவதற்காக என்று விளக்கினேன். "அப்ப உப்பு தீந்துபோனா என்ன செய்வாக?" என்றார். முப்பது வருஷம் மலை ரோட்டில் ஜீப் ஓட்டியவர், அதனால் கேள்வி சரியான இடத்தில்தான் விழும்.

உப்பு லாரி எட்டாத இடங்களுக்குப் போவதுதான் என் வேலை. சம்பள வேலை இல்லை, அது ஒரு கிடங்கில் இருக்கிறது. என் மனைவி நர்ஸ், அவள் உத்தியோகம்தான் எங்களை இங்கிலாந்தின் வடக்கே இந்த மலையூருக்குக் கொண்டுவந்தது. வந்த இரண்டாம் வருஷம், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்று வாங்கினேன். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து இங்கே ஒரு சங்கம் நடத்துகிறார்கள். பனி மூடி ஆம்புலன்ஸ் போகமுடியாத நாளில் நோயாளிகளையும் நர்ஸ்களையும் ஏற்றி இறக்குவார்கள். சேர்வதற்கு ஆறு பக்க விண்ணப்பம், போலீஸ் விசாரணை, அரைநாள் பயிற்சி, மினுமினுக்கும் மஞ்சள் சட்டை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குப் பெயரே கிடையாது. ஜீப் வைத்திருப்பவனைக் கூப்பிடுவார்கள், போவான். அவ்வளவுதான்.

நல்ல மனசுக்காரன் என்று இங்குள்ளவர்கள் என்னைப் பற்றி நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வானம் கறுத்தாலே ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்று மனைவி அலுத்துக்கொள்வாள். ஃபோர்வீல் கியர் கம்பியைப் போட்டு மேட்டில் ஏறும்போது மட்டும்தான் அந்தத் தவிப்பு அடங்கும். அது தர்மமா, சுயநலமா என்று நான் ஆராய்வதில்லை.

அத்தாவின் ஜீப் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆடி மாதச் சாரலில், விடிந்த சிறிது நேரத்தில் நானும் உடன் போயிருந்தேன். பின்னால் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் பதினான்கு பேர். பாதி மலையில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் இறங்கி வந்தார்கள். அத்தா வண்டியை நிறுத்தியதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பதினான்கு பெண்களும் இறங்கி, தூக்குச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் மேலே நடக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, "அண்ணே, வளைவுல பாத்து எறக்குங்க" என்றாள். கம்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் மாமியாரிடம் அத்தா, "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பிறகு அந்தக் குடும்பத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்த அம்மாளும் எங்களுக்காகக் காத்திருந்திருக்கமாட்டாள். வாரேன் என்றால் கிளம்புகிறேன் என்று அர்த்தம். போறேன் என்று எந்த வாசலிலும் சொல்லக்கூடாது, அது இழவு வீட்டுப் பேச்சு.

இந்த அகராதியோடுதான் நான் கென் வீட்டுக்குப் போனேன். கென் ஆடு வளர்க்கிற விவசாயி, தனியாள். ஊரிலிருந்து ஏழு மைல் மேலே, மொட்டைக் குன்றில் வீடு. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போயாகவேண்டும். சங்கத்தில் என் முதல் பனிக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். வழியெல்லாம் ஆடுகளைப் பற்றியே பேசினார், பாதி புரிந்தது. வாசலில் நின்று, நாக்கில் ஊறிய பழக்கத்தை அப்படியே இங்கிலீஷாக்கி, "ஐ வில் கம், கென்" என்றேன். அவர் தொப்பியைத் தொட்டு, "ரைட்டோ" என்றார்.

புதன்கிழமை எனக்கு முறை இல்லை. கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுப்பகலில், சங்கத்தில் வண்டிகளை அனுப்பும் மேரியன் போன் செய்தாள். குரலில் வழக்கமான தேன் இல்லை.

"கென்னிடம் வருவதாகச் சொன்னாயா?"

இல்லை என்றேன். அவள் நடந்ததைச் சொன்னாள். காலை எட்டு மணிக்குச் சங்கத்தில் வேறொருவர் வண்டியோடு போயிருக்கிறார். என் ஆள் வருகிறான், வருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று கென் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். முறையில் ஏதோ குழப்பம் என்று நினைத்து அவரும் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். இப்போது பனி இன்னும் கூடிவிட்டது, மற்ற வண்டிகள் எல்லாம் தூரத்தில். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி, ஏழு மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரோடு எது பள்ளம் எது என்று வேலிக்கம்பங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரேக்கைத் தொடாதே, வண்டியை கியரில் விடு என்று அத்தா சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கென் வாசல் கதவைத் திறந்துவைத்து, பூட்ஸும் தொப்பியும் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அவருக்குத் தெரியாமல் கையுறையால் துடைத்துக்கொண்டேன்.

இறங்கும் வழியில், "நீ வருவதாகச் சொன்னாய்" என்றார். கோபம் இல்லை, சும்மா நினைவூட்டுகிற மாதிரி. எங்கள் மொழியில் விடைபெறும்போது அப்படித்தான் சொல்வோம், போகிறேன் என்பது அபசகுனம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திக்கித் திக்கி விளக்கினேன். அவர் கண்ணாடி வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால், நிஜமாகவே வரப்போகிறபோது என்ன சொல்வீர்கள்?"

அதையேதான் சொல்வோம் என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். மேரியன் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு வாசலிலும், "நான் போகிறேன். அடுத்து வேறொருவர் வருவார்" என்று சொல்லிப் பழகினேன். முதலில் நாக்கு கூசியது. இரண்டு பனிக்காலத்தில் கூச்சம் போய்விட்டது.

போன ஜூனில் மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். அத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஜீப்பை என் மச்சான் ஓட்டுகிறான், அதைக் குறை சொல்வதே அத்தாவுக்கு முழுநேர வேலை. வந்த நான்காம் நாளே எனக்கு அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. அனுமந்தன்பட்டிக்கும் லோயர் கேம்ப்புக்கும் காரணமில்லாமல் வண்டியில் போய்வந்தேன். யாருக்காவது அவசரம் என்று போன் வராதா என்றுகூடப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி வண்டியே வந்துவிடுகிறது. கிளம்புகிற அன்று மதுரை போகிற கார் வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு, அத்தாவின் கையைப் பிடித்து, பழகிய நாக்கு பழகியபடியே சொல்லிவிட்டது.

"போறேன்த்தா."

அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். மச்சான் டிக்கியை மூடாமல் அப்படியே நின்றான். அத்தா மட்டும் பதறவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாரேன்னு சொல்லிட்டு ஏறுலே" என்றார்.

"வாரேன்த்தா" என்றேன்.

அவர் கதவை விடவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"எப்ப?"

எங்கள் ஊரில் வாரேன் என்று சொன்னவனிடம் யாரும் எப்ப என்று கேட்டு நான் கண்டதில்லை. நான் மனைவியின் லீவு, டிக்கெட், கிடங்கு என்று ஏதேதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.

இன்று காலை உப்பு லாரி தெருவில் போயிற்று. பின்னாலேயே மேரியனின் போன். நாளை கென்னைக் கூட்டிவர முடியுமா என்றாள். முடியும் என்றேன். எப்போது என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை, "எட்டு மணிக்கு" என்றேன். போனை வைத்த பிறகு அதே கையால் உத்தமபாளையத்துக்குப் போட்டேன். அத்தாதான் எடுத்தார். ரோட்டைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசினோம். வைக்கும்போது வாரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்ப என்று கேட்பார் என்று பயந்து, ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.