லினெட் பாடப்புத்தகம் மாற்றியது

லினெட் ராட்ஸ்லாஃப் எங்கள் சபையில் மேடையேறிப் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கோதுமைக்காட்டு ஊர்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் தாய்மார் அவளைக் கேட்காமல் ஒரு புத்தகம் வாங்க மாட்டார்கள். வாசிப்புக்கு எது, எழுத்துக்கூட்ட எது, எந்த வயதில் தொடங்கலாம், எல்லாம் அவளிடம்தான். எங்கள் மெர்லீன் சொல்வாள்: "மோசேக்குப் பத்துக் கட்டளை. பதினோராவது லினெட் கொடுத்தது."

அவள் கொடுத்த கட்டளை ஒரே ஒரு பாடத்தொகுப்பு. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, ஓசைகளைக் காட்டச் சுவரில் ஒட்டும் படங்கள், அதன்பின் மெல்லிய கதைப்புத்தகங்கள். அவளுடைய மூத்த பிள்ளைகள் மூன்று பேரும் அதில்தான் வாசிக்கக் கற்றார்கள். மூத்தவன் ஏத்தன், அடுத்து ஜோனா, அடுத்து லிடியா. ஒருவர் முடித்தால் அதே புத்தகம் அடுத்தவர் கைக்குப் போகும். அட்டை கிழிந்தால் நாடா ஒட்டுவாள். நாலாவது டிர்சாவின் கைக்கு வரும்போது அட்டையில் காகிதத்தைவிட நாடாதான் அதிகம்.

என் வீடு அவர்களுக்கு எதிர்வீடு. சாலையைத் தாண்டினால் அவள் அடுக்களை. அங்கே நீண்ட மேசையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கணக்குப் போடுவாள், ஒருவன் சத்தமாக வாசிப்பான், கடைக்குட்டி நயோமி மேசைக்கடியில் ஊர்ந்துகொண்டிருப்பாள். லினெட்டின் கை பாத்திரத்தில் இருக்கும், காது பிள்ளைகளிடம் இருக்கும். ஒரு சொல் தப்பினால் திரும்பிப் பார்க்காமலே "மறுபடி" என்பாள். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் செய்வது? எங்கள் வீடுகளில் எல்லாருமே அப்படித்தான் செய்கிறோம்.

டிர்சாவுக்கு மட்டும் அவள் "மறுபடி" சொன்னதே இல்லை. அந்தப் பெண் வாசித்தால் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும். "இவளுக்கு மட்டும் தேவதூதன் வந்து சொல்லிக்கொடுத்துட்டுப் போறான் போல," என்று தகப்பன் கெண்டல் பெருமையாகச் சொல்வார்.

அது ஒரு புதன்கிழமை. மாலையில் ஜெபக்கூட்டம். கூட்டத்துக்கு ஸ்வீபாக் ரொட்டி சுட, நான் அவள் அடுக்களையில் மாவு உருட்டி, பெரிய உருண்டையின் தலையில் சின்ன உருண்டையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். டிர்சா வாசித்தாள். நேரமில்லாததால் லினெட் பாத்திரத்தை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் நின்று தலைபின்னினாள். அதனால்தான் அன்று காதோடு கண்ணும் புத்தகத்தின்மேல் போனது.

கோழி ஒன்று குளத்துக்குப் போகிற கதை. டிர்சா பக்கத்தைத் திருப்பினாள். காலையில் சிந்திய பாகு ஒட்டிக்கொண்டு இரண்டு தாள் ஒன்றாகத் திரும்பின. அவள் நிற்கவில்லை. கோழி குளத்தில் வாத்தைப் பார்த்ததையும், வாத்து சொன்ன பதிலையும் ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள்.

லினெட்டின் கையில் சீப்பு நின்றுவிட்டது.

"டிர்சா, கோழி எங்கம்மா? தொட்டுக் காட்டு."

அவள் முன்னால் விரிந்திருந்த பக்கத்தில் வண்டியின்மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. டிர்சா அதைப் பார்த்தாள். "கோழி வெளிய போயிருக்கும்மா," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. லினெட்டின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அன்றைய தபாலில் விதைக் கம்பெனியின் விலைப்புத்தகம் வந்திருந்தது. அதைப் பிரித்து, தக்காளியைப் பற்றிச் சின்னதாக நாலு வரி இருந்த இடத்தைக் காட்டினாள். "இதை வாசி."

டிர்சா வெகுநேரம் பார்த்தாள். பிறகு பயமோ வெட்கமோ இல்லாமல் தாயை நிமிர்ந்து பார்த்தாள். "இதை இன்னும் யாரும் வாசிக்கலையேம்மா."

"யாரும்னா?"

"அண்ணன் வாசிப்பான், அப்புறம் ஜோனா, அப்புறம் லிடியா. அப்புறந்தானே நான்? நீயே முதல்ல ஒருதடவை வாசி, நான் அடுத்து வாசிக்கிறேன்."

குழந்தை பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. வாசிப்பது என்றால் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். தொட்டிலிலிருந்தே மூன்று பேர் மாறி மாறி வாசித்ததைக் கேட்டவள் அவள். பாட்டும் மனப்பாடம், கதையும் மனப்பாடம். வேதவசனம்கூட எங்கள் பிள்ளைகள் காதால்தானே கற்கிறார்கள்.

லினெட் மீதித் தலையைப் பின்னி முடித்தாள். அன்று கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது யாருடைய முழங்கால் வலிக்காகவோ ஜெபிக்கச் சொன்னாள். தன் மகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுநாள் வந்து என்னிடம்தான் அழுதாள். "எட்டு வயசு முடியப்போகுதுக்கா. இவ்வளவு நாளா நான் என்னத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"கெண்டல் என்ன சொன்னார்?"

"பேசாம டவுன் ஸ்கூல்ல சேர்த்துடலாமான்னார். கோவத்துல சொல்லல, பாவம், நெசமாவே கேட்டார். ஸ்கூல்ல சேர்த்தா தப்பில்ல. ஆனா எங்க போனாலும் இந்தக் காது இவகூடவே வருமேன்னு சொன்னேன். கோடை முடியறவரைக்கும் நான் பாக்குறேன், அதுக்குள்ள ஆகலைன்னா நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்க்கிறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்த வாரக் கடைசியில் சபையின் கீழ்த்தளத்தில் பழைய பாடப்புத்தக விற்பனை. ஒவ்வொரு வசந்தத்திலும் நடப்பது. தங்கள் பிள்ளைகள் முடித்த புத்தகங்களை வீட்டுக்கு வீடு பெட்டியில் கொண்டுவந்து மேசைமேல் பரப்புவார்கள். வாசிப்பு மேசைக்கு எப்போதும் லினெட்தான் பொறுப்பு. மேசையெங்கும் அவள் சொன்ன அதே தொகுப்பு கிடந்தது. அவள் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள்தானே எல்லாரும்.

கதவு திறக்கும் முன்னே அவள் மற்றப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நான் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகங்களின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. அவள் முணுமுணுத்ததைத்தான் சொல்கிறேன். ஒன்றை எடுத்து, "இதுல பாட்டு. ஒரே நாள்ல பாடிடுவா," என்று வைத்தாள். இன்னொன்றில் பக்கம் முழுக்க வண்ணப்படம். "படத்தைப் பாத்துக் கதையைச் சொல்லிடுவா." விட்ட எழுத்தை நிரப்புகிற பயிற்சிப்புத்தகம் ஒன்று இருந்தது. "மேல் வரியைப் பாத்துக் கீழ எழுதிடுவா. நல்ல பிள்ளைன்னு நானும் முத்தம் கொடுப்பேன்."

கடைசியில் ஒரு பெட்டியின் அடியிலிருந்து சாம்பல் நிற அட்டைபோட்ட புத்தகத்தை எடுத்தாள். படமில்லை, கதையில்லை. ஓசை ஓசையாகப் பிரித்த சொற்கள், கீழே இரண்டு மூன்று வரி. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்றில் பூனை தொப்பிமேல் உட்காரும், அடுத்ததில் யாரோ ஒருவர் முட்டை வாங்குவார். அதனோடு எழுத்து அச்சிட்ட மரச்சில்லுகள் ஒரு பை.

மெர்லீன் எட்டிப் பார்த்தாள். "ஐயையே, இது வரி ஆபீஸ் புஸ்தகம் மாதிரி இருக்கே. யாரைத் தண்டிக்கப்போறே?"

"டிர்சாவை," என்றாள் லினெட்.

கதவு திறந்ததும் பிரியானா என்ற இளம்தாய் வந்தாள். புதிதாக எங்கள் சபைக்கு வந்தவள், இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. "லினெட் அக்கா, நீங்க சொல்ற செட்டை எடுத்துக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. எது அக்கா?"

லினெட் தொகுப்பை அவள் கையில் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் கையை எடுக்கவில்லை.

"எடுத்துக்கோம்மா. என் மூணு பிள்ளைங்களுக்கு இது நல்லா உதவிச்சு. நாலாவதுக்கு வாசிக்கத் தெரியல."

பக்கத்து மேசைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிர்சா ஞாயிறுப் பள்ளியில் எல்லாரும் கேட்க வாசிக்கிற பெண் அல்லவா?

மெர்லீன்தான் முதலில் பேசினாள். "போன ஞாயித்துக்கிழமைகூட வாசிச்சாளேடி."

"வாசிக்கல மெர்லீன். சொன்னா. அக்கா அண்ணன் வாசிச்சதைக் கேட்டுக்கேட்டு எல்லாம் தலையில இருக்கு. நான் முதுகைக் காட்டிக்கிட்டே கேட்டிருக்கேன்." பிறகு பிரியானாவிடம், "இந்த செட்டு மேல குத்தமில்ல. மூத்ததுக்குத் தாராளமா வாங்கு. ரெண்டாவதுக்கு மட்டும் அந்த வீட்ல யாரும் வாசிக்காத புஸ்தகம் ஒண்ணு வச்சுக்கோ. பக்கத்துல உக்காந்து, அதோட விரல் எங்க போகுதுன்னு பாரு."

"உன் பெரிய பையன் படிச்ச புஸ்தகத்தை நம்பி என் நாலு பிள்ளைங்களையும் வரிசையா அதுலயே படிக்கவைக்கச் சொன்னியே," என்றாள் மெர்லீன். கேலியாகத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. கூட்டம் கலையும் முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள். தன் மூன்றாவது பையனிடம் என்னத்தை வாசிக்கக் கொடுத்தாளோ, அவன் தேறினானோ இல்லையோ, எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சாம்பல் புத்தகத்தை மேசையில் வைத்து நடத்த முடியாது. மற்றவர்கள் வாயை மூடினாலும் நயோமி மேசைக்கடியில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாளே. ஆகவே லினெட் துணிதுவைக்கும் அறைக்குள் டிர்சாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். துணியுலர்த்தி ஓடுகிற சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. அந்தப் பெண்ணுக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. தண்ணீராய் ஓடினவள் இப்போது கல்தடுக்கி நடந்தாள். ஒருநாள் சில்லுகளையெல்லாம் துவைக்கிற இயந்திரத்துக்குள் போட்டுவிட்டாள். "முன்னாடி நான் நல்லா வாசிச்சேன், நீதான் கெடுத்துட்டே," என்று தாயிடம் சொன்னாளாம். லினெட் சில்லுகளைக் காயவைத்து மறுநாளும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த மாதங்களில் அவள் என்ன ஜெபித்தாளோ கர்த்தருக்குத்தான் தெரியும். வெளியே சொன்னதெல்லாம், "இன்னிக்கு நாலு வரிக்கா" என்பது மட்டும்.

ஜூனில் அறுவடை முடிந்த இரவு, என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் வேதத்தை எடுத்து ஆளுக்கு ஒரு வசனம் சுற்றிவர வாசிப்பது அவர்கள் வழக்கம். கெண்டல் ஒரு சங்கீதத்தைத் திறந்தார்.

"அது வேண்டாம்பா," என்றாள் டிர்சா. "அது எனக்குத் தெரியும். தெரியாததா எடுங்க."

கெண்டல் லினெட்டைப் பார்த்தார். பிறகு தாள்களைத் தள்ளிக்கொண்டே போய், தகப்பன் பெயரும் மகன் பெயருமாகவே போகிற அதிகாரம் ஒன்றில் நிறுத்தினார். அந்த வீட்டில் அதை ஒருவரும் சத்தமாக வாசித்ததில்லை. எந்த வீட்டில்தான் வாசிக்கிறார்கள்.

ஏத்தன் தன் வசனத்தில் இரண்டு பெயரை விழுங்கினான். ஜோனா சிரித்துக்கொண்டே கடந்தான். லிடியா அழாத குறை. டிர்சாவின் முறை வந்தது. விரலை வைத்தாள். முதல் பெயர் வந்தது. இரண்டாவது நீளமானது. பாதியில் நின்றாள். ஏத்தன் உதவ வாயெடுத்தான். லினெட் மேசைக்கு மேலாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிர்சாவின் உதடு ஒவ்வொரு ஓசையாகத் தொட்டுத் திரும்பியது. பிறகு அந்தப் பெயரை மெதுவாக, முழுசாகச் சொன்னாள்.

"சரியாப்பா?"

கெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அது சரியா தப்பான்னு சொல்ல இங்க யாருக்கும் தெரியாதும்மா. மேல வாசி."

அவள் விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தினாள். லினெட் பாத்திரம் கழுவ எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.