சுசிலா கேட்ட படலை

லண்டன் வெம்பிளியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் ஒன்றுக்கு இரண்டு வாசல்கள். வீதியைப் பார்த்த முன்வாசலில் ஆளுயரக் கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, வருகிறவருக்குக் காலை வணக்கம் சொல்லச் சீருடை போட்ட ஒருவர். மற்ற வாசல் பின்னால், கார்கள் நிலத்தடிக்கு இறங்குகிற சரிவை ஒட்டி, குப்பைத்தொட்டி அறைக்குப் பக்கத்தில். வீட்டை வாங்கினவர்களும் முழு வாடகை கட்டுகிறவர்களும் முன்னால் போவார்கள். கவுன்சில் என்கிற நகரசபையின் வீட்டுப் பட்டியலில் இருந்து குறைந்த வாடகைக்கு வந்தவர்கள் பின்னால் போகவேண்டும். ஒரே கட்டடம், ஒரே கூரை, ஒரே மழை. வாசல் மட்டும் சாதி பார்த்தது. கோயில் வாசலில் ஆரை விடுவது, ஆரை மறிப்பது என்று ஒருகாலத்தில் அடிபட்ட யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்று மறித்த பக்கத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் இப்போது குப்பை அறையைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

சுசிலாவும் அவள் கணவர் சண்முகராசாவும் அந்தப் பின்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் லண்டனில் பாதி ஆயுள் முடிந்துவிட்டது. எட்மண்டனில் ஒரு அறை, ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடைக்கு மேல் இரண்டு அறை, பிறகு வெம்பிளியில் ஒரு வீட்டின் பின்பக்கம். எங்கே போனாலும் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "மகனுக்குக் கலியாணம், வீடு எங்களுக்கு வேணும்" என்பார். வீட்டுக்காரர் அனேகமாக நம்முடைய ஆள்தான். இவர்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அடுத்த மாதம் அதே வீடு கூடின வாடகைக்கு வேறு ஆளுக்குப் போயிருக்கும். மாப்பிள்ளையையும் காணோம், பொம்பிளையையும் காணோம்.

சுசிலா செய்தது கவுன்சில் வேலை. தனியாக இருக்கும் வயோதிபர்களை வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை. முன்பெல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு மணித்தியாலம் தருவார்கள். அரசாங்கம் கவுன்சிலுக்குக் கொடுக்கிற காசை வெட்டியது, கவுன்சில் வேலையைக் கம்பனிக்குக் கொடுத்தது, கம்பனி ஒரு மணித்தியாலத்தைக் கால் மணித்தியாலமாக்கியது. கால் மணித்தியாலத்தில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டலாம், அல்லது அவருக்குச் சாப்பாடு கொடுக்கலாம். இரண்டில் எது வேண்டும் என்று அவரையே கேட்கச் சொன்னார்கள். கேட்கச் சொன்னவரை ஒருநாள் பட்டினி போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அடுக்குமாடி நிற்கிற நிலத்தில் முன்பு கவுன்சிலின் முதியோர் நிலையமும் ஒரு நூலகமும் இருந்தன. நடத்தக் காசில்லை என்று இரண்டையும் மூடி, நிலத்தைக் கட்டடக் கம்பனிக்கு விற்றார்கள். பதிலுக்குக் கம்பனி பாதி வீடுகளை ஏழைகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அத்திவாரம் போட்டவுடன் லாபம் காணாது என்று கம்பனி மூக்கால் அழுதது. பாதி கால்வாசியானது, கால்வாசி இன்னும் தேய்ந்தது. அந்த மிச்சத்தில்தான் ஆறாம் மாடியில் ஒரு வீடு இவர்களுக்குக் கிடைத்தது.

சாவி வாங்கிய அன்று குப்பை அறை நாற்றத்தில் சுசிலா மூக்கைப் பொத்தினாள். சண்முகராசா சிரித்தார்.

"வாசல் எதெண்டால் என்னப்பா? உள்ளுக்குப் போனால் எங்கடை வீடுதானே. இனி ஒருத்தனும் வந்து மகனுக்குக் கலியாணம் எண்டு சொல்லமாட்டான்."

அவர் அப்படித்தான். பெற்றோல் ஸ்டேஷனில் காலம் முழுக்க நின்றபடி கல்லாவில் வேலை செய்த மனிதர். எதற்கும் ஒத்துப்போவார். சுசிலாவும் ஒத்துப்போனாள். முன்பக்கத் தோட்டத்தில் பேரப்பிள்ளைகள் விளையாடக் கூடாது என்றார்கள், சரி என்றாள். பின்பக்க லிப்ட் வாரக்கணக்கில் வேலை செய்யாமல் கிடந்தது, படியேறினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு நிலைக்கும் என்று அவள் நம்பினாள். வாடகைக்கு இருந்து பழகியவர்களுக்கு அந்தப் பயம் எலும்புக்குள் இருக்கும்.

பக்கத்து வீட்டில் பியற்றிஸ் என்ற ஐரிஷ் கிழவி. அவள்தான் அந்த மாடியில் வாய் திறக்கிற ஒரே ஆள். டப்ளினில் இருக்கும் தன் பேரன் நல்ல வேலையில் இருந்தும் வாடகைக்கு ஒரு வீடு எடுக்க முடியாமல் இன்னும் தாயின் வீட்டிலேயே கிடக்கிறான் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வாள். அங்கேயும் தேர்தலுக்குத் தேர்தல் வீடு வீடு என்றுதான் வாக்குக் கேட்பார்களாம். "வாக்குக் கேட்டவனுக்கு எல்லாம் வீடு இருக்கிறது, வாக்குப் போட்டவனுக்குத்தான் இல்லை" என்று பியற்றிஸ் ஆங்கிலத்தில் வைவதை, இங்கேயும் அதே கூத்துத்தான் என்று தலையாட்டிக்கொண்டே சுசிலா கேட்பாள்.

போன மாரிக் குளிரில் சண்முகராசாவுக்கு நெஞ்சு வலித்தது. பின் லிப்ட் அன்றைக்கும் பழுது. அம்புலன்ஸ்காரர்கள் முன்பக்க லிப்டுக்குப் போக வழி கேட்டார்கள். மாடியில் இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற கதவு பூட்டியிருந்தது, சாவி அலுவலகத்தில், அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. அவரைக் கதிரையில் இருத்திக் கட்டி ஆறு மாடியும் படியால் இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து கண்ணை மூடினார். படியால் இறக்கினதில்தான் செத்தார் என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை, அப்படி அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தப் பூட்டிய கதவைச் சுசிலா மறக்கவில்லை. அதே பின்வாசலால் போய்வருகிற நானும் மறக்கமாட்டேன்.

செத்த வீட்டு அலுவல்களில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவரை ஒருக்கால் வீட்டை கொண்டுவரவேணும். கிரியை வீட்டிலை. நான் சுடலைக்கு வரேல்லை, படலையிலை நிண்டு அனுப்புவன்."

படலை என்றால் ஊர் வீட்டு வேலியில் இருக்கிற வாசற்கதவு. யாழ்ப்பாணத்தில் பிரேதம் வெளிக்கிடும்போது பெண்கள் படலை வரை வந்து, அழுது, அங்கேயே நின்றுவிடுவார்கள். லண்டனில் இப்போது பெண்களும் சுடலைக்குப் போகிறார்கள், ஒருவரும் குறை சொல்வதில்லை. மகள் பிரியந்தி அதைத்தான் சொல்லிப் பார்த்தாள். சுசிலா கேட்கவில்லை.

பிரேதப்பெட்டிக்காரர் வந்து லிப்டை அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. பின் லிப்டுக்குள்ளை பெட்டி படுக்கையாப் போகாது. நிமிர்த்தி வைச்சால் சரிவரும்."

"காலம் முழுக்க நிண்டு நிண்டு உழைச்ச மனுசன், தம்பி. செத்த பிறகுமோ நிக்கவேணும்?" என்றாள் சுசிலா.

முன் லிப்ட் பெரியது. அதில் கட்டிலும் அலுமாரியும் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பிரியந்தி கட்டட மனேஜருக்கு எழுதினாள். ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, ஒப்பந்தப்படி முன்வாசல் உங்களுக்கு இல்லை என்று மறுமொழி வந்தது. கவுன்சிலரைப் பிடித்தாள். அவரும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, அது தனியார் நிர்வாகம், கவுன்சிலால் ஒன்றும் ஏலாது என்றார். நிலத்தை விற்கும்போது ஏலுமாக இருந்தது. அனுதாபத்துக்குக் காசு செலவில்லை என்பதால் எல்லோரும் தாராளமாகத் தந்தார்கள்.

"அம்மா, பெட்டிக்காரற்றை ஹோலிலேயே எல்லாத்தையும் செய்வம். பிரச்சினை வேண்டாம்," என்றாள் பிரியந்தி.

சுசிலா விடிந்ததும் பெட்டிக்காரருக்குத் தானே போன் எடுத்தாள்.

"தம்பி, பின்னுக்குக் கொண்டு வராதேங்கோ. முன்வாசல்லை நிப்பாட்டுங்கோ. உள்ளுக்குப் போகத்தானே விடமாட்டினம்? வாசல்லை வைப்பம்."

அப்படியே நடந்தது. கறுப்புக் கார் முன்வாசலில் நின்றது. மகன் ஆரணனும் சொந்தக்காரரும் பெட்டியை இறக்கிச் சக்கரத் தள்ளுவண்டியில் கண்ணாடிக் கதவுக்கு நேரே வைத்தார்கள். அந்தக் கதவு ஆள் நடமாட்டத்தைக் கண்டால் தானாகத் திறப்பது. ஒப்பந்தம் படிக்காத கதவு, பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் அசைய அசைய அகலத் திறந்து திறந்து மூடியது. உள்ளே மேசையடியில் இருந்த ரோஹித் என்ற காவல் பெடியன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

மனேஜர் ஓடி வந்தார். இது தனியார் இடம் என்றார். குடியிருப்பாளர்களுக்கு மனம் சங்கடப்படும் என்றார். ஒருவரும் அசையாததைக் கண்டு, இவர்கள் உள்ளே வந்துவிடக் கூடாதென்று கதவைப் பூட்டச் சொல்லி ரோஹித்துக்குக் கட்டளை போட்டார். கதவு பூட்டப்பட்டது. வேலைக்குப் போகிற நேரம். லிப்டால் இறங்கி வந்த முன்வாசல்காரர்கள் கண்ணாடிக்கு உள்ளே கோப்பிக் குவளைகளோடு கூடிவிட்டார்கள். வெளியே போக அவர்களுக்கு இருந்தது ஒரே வழி. ரோஹித் அலுவலகச் சாவியால் கீழ்த்தளத்து இடைக்கதவைத் திறந்து அவர்களைப் பின்பக்கத்தால் அனுப்பினான். மூக்கைப் பொத்தியபடி குப்பை அறையைக் கடந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடவுள் இருக்கிறார் என்று நான் சும்மா சொல்வதில்லை, அன்றைக்குச் சொன்னேன்.

ஐயர் மந்திரம் சொன்னார். பெண்கள் பிரேதத்தில் தூவ உரலில் சுண்ணப்பொடி இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து வலம் வந்தார்கள். எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள், பியற்றிஸும் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். தங்கள் ஊரிலும் செத்தவரை வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள் என்று சொல்லி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பின்வாசலால் சுற்றி வந்த ஒரு இளம் பெண் ரயிலுக்குப் போகாமல் தலை குனிந்து கடைசிவரை நின்றாள். முன்னுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர் இல்லை, இரண்டு வாசலையும் அவளைக் கேட்டு ஒருவரும் கட்டவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி காரில் ஏறியது. ஆரணனும் ஆண்களும் போனார்கள். சுசிலா நெஞ்சில் அடித்து அழுதாள்.

"இஞ்சாருங்கோ, உங்களை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாமல் போச்சே! உங்கடை வீட்டு வாசல்லை உங்களை வெளியிலை வைச்சிட்டனே!"

கார் வீதி முடக்கால் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மனேஜர் பெருமூச்சு விட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தது. பிரியந்தி தாயின் தோளைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பினாள். செத்த வீட்டுத் துடக்கு என்கிற தீட்டு, பிரேதம் போனபின் குளிக்காமல் ஒன்றையும் தொடக்கூடாது, ஓரிடத்திலும் குந்தியிருக்கக்கூடாது. சுசிலா திரும்பவில்லை. நேரே நடந்தாள். கதவு தானாக அவளுக்கு வழி விட்டது. உள்ளே சுவரோரம் வெள்ளைத் தோல் சோபா ஒன்று கிடந்தது. ஒருவரும் இருந்த அடையாளமே அதில் இல்லை. அவள் அதில் போய் இருந்தாள்.

மனேஜர் பதறிப்போய், இது குடியிருப்பாளர்களுக்கு மட்டும் என்றார். பிரியந்தி வாயைத் திறக்க முதல் சுசிலா சொன்னாள்:

"நானும் குடியிருக்கிற ஆள்தான் எண்டு சொல்லு. பொலிசைக் கூப்பிடட்டும். அவை வருமட்டும் இருப்பன்."

"அம்மா, துடக்கு! குளிக்கேல்லை நீங்கள்!"

"தெரியும் பிள்ளை. தெரிஞ்சுதான் இருக்கிறன்."

பியற்றிஸ் வந்து பக்கத்தில் இருந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து, இடம் இல்லாதவர்கள் பளிங்குத் தரையில் இருந்தார்கள். மனேஜர் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். சுசிலா பின்னால் சாய்ந்தாள். இரண்டு கையாலும் சோபாவை அமத்திப் பார்த்தாள். அது அப்படியொன்றும் மெத்தென்று இருக்கவில்லை.

"இதுக்கோ பிள்ளை," என்று அவள் மகளைக் கேட்டாள், "எங்களை மறிச்சவங்கள்?"