அண்ணனின் நீர்மூழ்கியும் முப்பத்தைந்து கிலோவும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை வணங்கி எழுதுவது. "நல்லதை மட்டும் எழுதும்மா" என்று என் மகள் சொன்னாள். அண்ணனைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. நடுவில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது நல்லதில்லை.

அண்ணன் சுரக்குடியில் பிறந்தார். அப்பாவுக்குக் குத்தகை நிலம்தான். பள்ளி நாட்களிலேயே, ஆற்றங்கரை பம்புசெட்டுகளில் தண்ணீருக்குள் கிடக்கும் குழாயின் அடிவாயான ஃபுட்வால்வில் செத்தை அடைத்துக்கொண்டால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி எடுத்துவிட்டு வருவார். நான் கரையில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நூறைத் தாண்டினால் அழ ஆரம்பித்துவிடுவேன். அவருக்குத் தண்ணீருக்குள் இருப்பதைவிடப் பெரிய சுகம் எதுவும் இருந்ததில்லை.

ஐ.டி.ஐ. முடித்து, குடிநீர் மோட்டார்களைப் பார்க்கும் அரசு வேலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் இடது காதின் சவ்வு கிழிந்துபோயிற்று. இனித் தலை தண்ணீருக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு குளிக்கும்போதுகூட காதில் எண்ணெய்ப் பஞ்சு வைத்துக்கொண்டார். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

என் கணவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. அண்ணன் வந்தார். "கெளம்பும்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினார். என் மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவர்தான். எங்கள் இருவருக்கும் அவரைத் தவிர நாதி கிடையாது. இதைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்ற வருஷம் பழைய இரும்புக் கடையிலிருந்து நீளமான டேங்க் ஒன்றை டிராக்டரில் ஏற்றி வந்து கொல்லையில் இறக்கினார். "செப்டிக் டேங்குக்கா?" என்று தெருவே கேட்டது. நானும் கேட்டேன்.

"தலை நனையாம தண்ணிக்குள்ள போவணும். அரசலாறு கடல்ல கலக்குற எடத்துல அடியில என்னதான் இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்" என்றார்.

மூன்று வருஷம் வெட்டினார், வெல்டிங் வைத்தார், பிரித்தார், மறுபடி ஒட்டினார். ஒருவர் கால் நீட்டிச் சாய்ந்திருக்கலாம். முகத்துக்கு நேரே தடித்த கண்ணாடி. இரண்டு பக்கமும் தொட்டிகள். வால்வைத் திறந்தால் தண்ணீர் நிரம்பிக் கீழே போகும், காற்றைத் திறந்துவிட்டால் தண்ணீர் வெளியேறி மேலே வரும். ஏதாவது கோளாறு என்றால் தானாகவே மிதந்துவிட வேண்டும் என்று, மூழ்குவதற்கு எவ்வளவு எடை வேண்டுமோ அவ்வளவுதான் வைத்தார். ஒரு செங்கல்கூட அதிகம் கிடையாது. அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷர்.

முதலில் எங்கள் ஊர்க் குளத்தில் இறக்கினார். கயிறு என் கையில். உள்ளேயிருந்து அவர் கப்பலை அசைத்துக் கயிற்றை ஆட்டினால் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம். கப்பல் அழகாக மூழ்கியது. கயிறு ஆடவில்லை. நான் எண்ணினேன். முந்நூறைத் தாண்டியதும் கத்திக்கொண்டே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன். அப்போதுதான் மேலே வந்தார். "ஒரு கெளுத்தி வந்து கண்ணாடிய முட்டிச்சும்மா. அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளத்துக்கே இப்படி என்றால் கடலுக்கு என்ன கதி?

கடலுக்குப் போக நாள் குறித்த வாரம்தான் வீட்டில் விதைநெல் பிரித்தோம். தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதக்கும்வரை உப்பைக் கரைத்து, பிறகு நெல்லைக் கொட்டிப் பதரை அள்ளிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல தண்ணீரில் அடியில் கிடந்த முட்டை, உப்பு ஏற ஏற எழும்பி வந்தது. என் கை நின்றுவிட்டது. குளத்துக்கு அளவாக எடை வைத்த கப்பல் கடலில் மூழ்காது. அண்ணன் பக்கத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அந்த முட்டையைப் பார்த்தவர்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் கை வைத்ததெல்லாம் குடிநீர். உப்பு அவர் கணக்கில் வரவேயில்லை.

நான் சொல்லவில்லை.

கடற்கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஃபைபர் படகில் கட்டி முகத்துவாரத்துக்கு இழுத்துப்போனார்கள். தொட்டி நிரம்பியும் கப்பல் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு ஆடியது. "முங்குற கப்பலுன்னாரு, தெப்பமால்ல மெதக்குது" என்று யாரோ சொல்ல, கரையே சிரித்தது. அந்த வீடியோ இதைப் படிக்கும் சிலருடைய போனில் இன்னமும் இருக்கும். "ஏறி வாங்கண்ணே, இது முங்காது" என்று படகுக்காரர்தான் கைகொடுத்து ஏற்றினார்.

திரும்பி வந்து குளத்தில் இறக்கிப் பார்த்தார். மூழ்கியது. நோட்டில் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். "கடலுக்கு என்னைப் புடிக்கல போலருக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். பிறகு தொடவில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்துவதையும் விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு காலை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அது கடல்ல முங்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உப்புத் தண்ணில முட்டை மெதக்குதுல்ல, அதுமாதிரிதான்."

என்னையே பார்த்தார். "ஏம்மா சொல்லல?"

"நீங்க வராம போயிட்டீங்கன்னா நாங்க என்ன பண்றது?"

மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தில் மெதுவாகக் கணக்குப் போட்டார். "இன்னும் முப்பத்தஞ்சு கிலோ வச்சிருந்தா போதும்" என்றார். பிறகு, "அவ்வளவுதானா" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பத்து நாளில் போய்விட்டார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை.

அண்ணனுக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சோறு சுமந்தவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்து, கடைசிவரை வந்துபோய்க்கொண்டிருந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் படகுக்காரருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போன மாதம் நாங்கள் கேட்டதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் கப்பலை முகத்துவாரத்துக்கு இழுத்துவந்தார். உள்ளே அண்ணனின் எடைக்கு மணல் மூட்டை அடுக்கி, மேலே முப்பத்தைந்து கிலோ வைத்தோம். தலை சாயும் இடத்தில் அவருடைய துண்டை விரித்தேன். மூடியை இறுக்கி, தொட்டிகளில் நீர் நிரப்பிக் கயிற்றில் விட்டார்கள்.

மூழ்கியது. நான் எண்ணினேன். ஆயிரம்வரை எண்ணிய பிறகு இழுக்கச் சொன்னேன்.

மூடியைத் திறந்து, என் மகள் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை. அண்ணன் திரும்பி வந்திருப்பார்.